மஞ்சளும் ஈரமும்

கோழிக் குடலைப் பற்றிப் படிக்க எவரும் இந்தப் பக்கத்துக்கு வருவதில்லை என்பதை நாங்கள் அறிவோம். இங்கே இதுவரை நாங்கள் எழுதியவை நாவல்களைப் பற்றியும் பழைய சிற்றிதழ்களைப் பற்றியும்தான். ஆனால் அந்த நூல்களை வாங்கப் பணம் தந்தவை எங்கள் பண்ணைக் கோழிகள். அவற்றுக்குத் தர வேண்டிய கட்டுரை ஒன்று நெடுநாளாகக் கடனாக நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு சொல்லால் வேறொருவருக்கு இழப்பு நேர்ந்தது. வாயால் பரப்பியதை எழுத்தால் திருத்துவது முறை என்று தோன்றியது.

'நாங்கள்' என்பது கணவன் மனைவி இருவர். எங்களோடு இருக்கும் மூத்தவர் எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. இங்கே அம்மா என்றே குறிப்பிடுகிறோம்.

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். அதில் கிழமேலாக நீண்ட ஒரு கொட்டகை, ஐயாயிரம் கறிக்கோழிகள் கொள்ளும். ஒப்பந்த வளர்ப்பு முறை. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு எங்களுடையவை. ஆறு வாரம் கழிந்ததும் லாரி வந்து எடைபோட்டு எடுத்துச் செல்லும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. இறப்பு கூடினாலோ, தின்ற தீவனத்துக்கேற்ற எடை ஏறாவிட்டாலோ கூலி குறையும். கொட்டகை கட்ட வாங்கிய வங்கிக் கடனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும்.

2021ஆம் ஆண்டு ஐப்பசி. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையை எளிதில் மறக்க முடியாது. எங்கள் வறண்ட மண்ணில்கூட நாள்கணக்கில் வானம் வெளுக்கவில்லை. குஞ்சு இறக்கி இருபத்து மூன்றாம் நாள் விடியலில் தரையில் பரப்பியிருந்த தேங்காய் நார்க்கழிவைக் கிளறிவிடப் போனோம். வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் அங்கங்கே சிவப்பு. கிழக்குக் கோடியில் பன்னிரண்டு கோழிகள் கிடந்தன. உயிரோடிருந்தவை இறகு சிலிர்த்து, கண் மூடி, தோள் குறுக்கி நின்றன. தீவனத் தட்டு நிரம்பியபடியே இருந்தது. ஐயாயிரம் கோழிகள் இருக்கும் இடத்தில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். அன்று அது பாதியாக அடங்கியிருந்தது.

அழைத்ததும் கம்பெனியின் கால்நடை மருத்துவர் வந்தார். செத்த கோழி ஒன்றை வரப்பில் மல்லாத்தி, கத்தரியால் வயிற்றைத் திறந்து காட்டினார். குடலின் கடைப்பகுதியில் இரட்டைப் பைகளாகத் தொங்கும் பெருங்குடல் வாய் இரத்தம் நிரம்பிக் கருஞ்சிவப்பாய்ப் புடைத்திருந்தது.

"காக்சிடியோசிஸ்ங்க. நம்ம ஊர்ல இரத்தக்கழிச்சல்னு சொல்லுவாங்க," என்றார்.

* * *

அன்று அவரிடம் கேட்டதையும் பின்னர் நாங்களே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

இந்நோயைத் தருவது எய்மீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. கோழியைத் தாக்கும் எய்மீரியாவில் பல இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் குடலில் தனித்தனி இடம். சிறுகுடலின் தொடக்கத்தில் வாழும் அசர்வுலினா இரத்தம் காட்டாது, எடையை மட்டும் தின்னும். நடுப்பகுதியை மாக்சிமா எடுத்துக்கொள்ளும். பெருங்குடல் வாயில் குடியேறி இரத்தம் கொட்டவைப்பது டெனெல்லா. எச்சத்தோடு வெளியேறும் இதன் நுண்ணிய முட்டையுறை உடனே நோய் தருவதில்லை. சூடும் ஈரமும் காற்றும் கிடைத்தால் இரண்டொரு நாளில் அது முதிர்ந்து தொற்றும் தன்மை பெறுகிறது. கோழி கொத்தி விழுங்கிய ஒரு முட்டையுறை குடல் செல்களுக்குள் புகுந்து பெருகி, ஒரு வாரத்துக்குள் பல்லாயிரமாக வெளியே வரும். நாம் தெளிக்கும் பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. அதை உண்மையில் கட்டுப்படுத்துவது உலர்ச்சி.

மருத்துவர் ஆம்ப்ரோலியம் தந்தார். வைட்டமின் பி1 போலவே உருவம் கொண்ட மருந்து அது. ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று நம்பி எடுத்துக்கொண்டு பட்டினியால் சாகும். அந்த நாள்களில் பி வைட்டமின் டானிக் எதுவும் கலக்கக்கூடாது என்று எச்சரித்தார். ஐந்து நாள் தண்ணீரில் கொடுத்தோம். இரத்தம் நின்றது. ஓய்ந்தது என்று மூச்சு விட்டோம்.

நான்காவது வாரக் கடைசியில் மறுபடியும் சாவு தொடங்கியது. இம்முறை இரத்தமில்லை. கருத்த, நாற்றமடிக்கும் கழிச்சல். வரப்பில் மீண்டும் ஒரு கோழியைத் திறந்தார் மருத்துவர். சிறுகுடல் காற்றடைத்து ஊதியிருந்தது. உள்சுவர் தேங்காய்ப்பூத் துண்டுபோலச் சொரசொரத்துக் கிடந்தது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் குடல் அழுகல் நோய். அந்தப் பாக்டீரியா நலமான கோழியின் குடலிலும் சிறிதளவு இருப்பதுதான். எய்மீரியா குடல் சுவரைப் புண்ணாக்கிவிட்டுப் போனதும், கசியும் புரதத்தைத் தின்று பெருகி நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சுகளில் முதன்மையான ஒன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து அறிவித்ததே 2008ஆம் ஆண்டில்தான்.

லாரி வந்த நாளில் கணக்குப் பார்த்தபோது அறுநூற்றுப் பதினொரு கோழிகள் குறைந்திருந்தன. மிஞ்சியவையும் இளைத்திருந்தன. கிடைத்த கூலி தவணைக்குப் போதவில்லை. அம்மாவின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயின. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வேறொன்றைச் சொன்னார்:

"தாய்க்கோழி இருந்தா கூட்டிட்டுப் போயி கெளறிக் காட்டும். எதைத் திங்கலாம், எதைத் திங்கக்கூடாதுன்னு அதுக்குத் தெரியும். இதுக தாயில்லாக் குஞ்சுக கண்ணு. நாமதான் பாக்கோணும்."

* * *

அம்மா அறியாமலே சொன்னதை அறிவியல் வேறு மொழியில் சொல்லியிருக்கிறது. 1973இல் பின்லாந்தைச் சேர்ந்த நூர்மியும் ரண்டாலாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ந்த கோழியின் குடலிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்தால், சால்மோனெல்லா அவற்றின் குடலில் எளிதில் குடியேற முடிவதில்லை என்பதே அதன் சாரம். இயற்கையில் குஞ்சு தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தியே தன் குடலுக்கான நல்ல குடிகளைப் பெறுகிறது. பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சுக்கு அந்தச் சீதனம் இல்லை. வெறுங்குடலோடு கொட்டகைக்கு வருகிறது. முதலில் வந்தவன் நல்லவனோ கெட்டவனோ, அவனுக்கே வீடு.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வெற்றிடத்தை உலகம் நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொண்டு காத்து வந்தது. நோய்க்காக அல்லாமல், வளர்ச்சிக்காகவே சிறிய அளவில் தினமும் தீவனத்தில் கலந்தார்கள். அதன் விலை பிறகு தெரிந்தது. கோழிக் குடலில் மருந்துக்கு அடங்காமல் பழகிய பாக்டீரியா மனிதர்களிடமும் வந்து சேரும். சுவீடன் 1986லேயே அந்தப் பழக்கத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் அது நின்றது. மருத்துவமனைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. இப்படி ஒரு கதவு மூடியதும்தான், மஞ்சளும் பூண்டும் ஓமமும் ஆய்வுக்கூடங்களுக்குள் மரியாதையோடு நுழைந்தன.

அம்மாவின் கைவைத்தியம் எங்கள் பக்கத்து வீடுகளில் பலருக்கும் தெரிந்ததே. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், ஒரு பிடி கீழாநெல்லி, கொஞ்சம் வேப்பிலை. அம்மியில் அரைத்து உருண்டை பிடித்து நாட்டுக்கோழிக்கு ஊட்டுவார். ஐயாயிரம் வாய்க்கு உருண்டை பிடிக்க முடியாது. தீவனமும் எங்களுடையது அன்று. மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. கம்பெனித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து முன்பே சேர்ந்திருப்பதை நினைவூட்டிவிட்டு, "அதுக்கு மேல நீங்க தட்டுல தூவிக் குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா பாதிக்குக் குடுங்க, பாதிக்குக் குடுக்காதீங்க. அப்பத்தான் ஏதாவது தெரியும்," என்றார்.

2022 ஐப்பசியில் கொட்டகையின் நடுவில் கம்பி வலை கட்டி இரண்டாகப் பிரித்தோம். மேற்குப் பாதியில் இரண்டாயிரத்து ஐந்நூறு, கிழக்குப் பாதியில் இரண்டாயிரத்து ஐந்நூறு. தீவன அறை மேற்குக் கோடியில் இருந்ததால், கலப்பதற்கு வசதியாக மேற்குப் பாதிக்கே மூலிகை. நூறு கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோ மஞ்சள்தூள். மற்றவை அம்மாவின் கையளவு. ஆறு வாரக் கடைசியில் மேற்கில் இறந்தவை அறுபத்தொன்று. கிழக்கில் நூற்று நாற்பத்து மூன்று.

நாங்கள் துள்ளிக் குதித்தோம் என்று எழுதினால் அது குறைவு. டீக்கடையில் சொன்னோம், திருமண வீடுகளில் சொன்னோம், தெரிந்தவர்களுக்கெல்லாம் பொடி இடித்துக் கொடுத்தோம். "இயற்கை வைத்தியத்துக்கு முன்னாடி இங்கிலீஷ் மருந்து நிக்காது" என்றுகூட எங்கள் வாயால் சொன்னோம். படித்தவர்கள் சொன்னால் ஊர் நம்பும்.

* * *

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நம்பினார். அவர் ஒப்பந்தத்தில் இல்லாதவர். மருந்தில்லாக் கோழி வேண்டும் என்று கேட்கும் சில வாடிக்கையாளர்களுக்காகச் சொந்தமாக எண்ணூறு குஞ்சு இறக்கி, தாமே தீவனம் அரைத்து வளர்த்தார். அந்தத் தீவனத்தில் தடுப்பு மருந்து எதுவும் இல்லை. கருவாட்டுத்தூள் தாராளமாக இருந்தது. 2023 வைகாசியில் கோடை மழை இரண்டு நாள் கொட்டியது. எச்சத்தில் சிவப்பு கண்டதும் அவர் எங்கள் பொடியை இருமடங்காகத் தூவினார். ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மாலை எங்களைத் தேடி வந்தார். நாங்கள் மருத்துவரை அழைத்தோம். அதற்குள் நோய் குடலின் ஆழத்துக்குப் போயிருந்தது. எண்ணூறில் இருநூற்றுத் தொண்ணூறு போயின.

அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்க பொடியில தப்பில்லீங்க. என்ற செட்டுதான் ஈரமாக் கெடந்துச்சு," என்றார். அந்தப் பெருந்தன்மை எங்களைச் சுட்டது. ஆனால் அதற்குள்ளே ஓர் உண்மையும் இருப்பதை இரண்டு நாள் கழித்தே உணர்ந்தோம். ஈரம்.

ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். எங்கள் கொட்டகையில் அதை முதலில் வாங்குவது கிழக்குக் கோடி. முதல் ஆண்டு பன்னிரண்டு கோழிகள் செத்துக் கிடந்ததும் அங்கேதான். நாங்கள் மூலிகை கொடுத்த மேற்குப் பாதி, மூலிகை இல்லாவிட்டாலும் காய்ந்தே இருந்திருக்கும். ஒப்பிடுகிறோம் என்று எண்ணி, காய்ந்த இடத்தையும் நனைந்த இடத்தையும் ஒப்பிட்டுவிட்டு வெற்றியை மஞ்சளுக்குக் கொடுத்திருந்தோம்.

அந்த ஆண்டு ஐப்பசியில் பக்கத்தை மாற்றினோம். கிழக்குக்கு மூலிகை, மேற்குக்கு வெறும் தீவனம். அம்மாவிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. ஆனாலும் அரைத்துக் கொடுத்தார். முடிவில் மூலிகை உண்ட கிழக்கில் இறந்தவை நூற்றுப் பதினெட்டு. உண்ணாத மேற்கில் நூற்று ஏழு. முந்தைய ஆண்டின் பெரும் வேறுபாடு கரைந்து, சற்றுத் தலைகீழாகவும் ஆகியிருந்தது.

அப்படியானால் மூலிகை வீணா? அதையும் அவசரமாகச் சொல்ல நாங்கள் தயாரில்லை. நனைந்த பாதி அந்த ஆண்டு காய்ந்த பாதியோடு ஏறக்குறைய நிகராக நின்றது. அதில் மூலிகைக்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். மழை குறைந்ததற்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். ஒரு கொட்டகையும் இரண்டு மழைக்காலமும் இதற்குத் தீர்ப்பு எழுதப் போதா. பல்கலைக்கழகங்கள் பல கூண்டுகளில், பல முறை, குலுக்கிப் பிரித்துச் செய்து பார்ப்பதன் பொருள் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

* * *

படித்ததில் நாங்கள் உறுதியாக ஏற்றுக்கொண்டவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை என்பது மனித மருத்துவத்தில் ஒரு குறை. குடல் நோய்க்கு அதுவே வசதி. எங்கே தேவையோ அங்கேயே தங்கி அழற்சியைத் தணிக்க உதவுகிறது. ஆனால் ஒரு கிலோ மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ முப்பது கிராம் அளவே. கடைத்தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் மோசடியும் உண்டு. ஈரோடு பக்கத்தில் இருப்பதால் நாங்கள் விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்கிறோம்.

ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், மேலைநாடுகளில் கோழித் தீவனத்துக்குப் பயன்படும் ஓரிகானோ எண்ணெயிலும் உள்ளது. அது பாக்டீரியாவின் மேலுறையைக் குலைக்கிறது. ஆனால் ஆவியாகும் பொருள் ஆகையால், தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டில் பறந்துவிடும். அதனால்தான் மேலுறை பூசி விற்கிறார்கள். பூண்டும் இத்தகையதே. நசுக்கிய உடனே கொடுத்தால்தான் அதன் வீரியம். வேப்பிலை கூடினால் கசப்பில் கோழி தீவனத்தைக் குறைத்துவிடும். அண்ணன் இருமடங்காகத் தூவியபோது அதுவும் நடந்திருக்கக்கூடும்.

நூர்மியின் வழியில் வந்த நன்னுயிரிகளில், பேசில்லஸ் வகையின் வித்துகள் குருணை ஆக்கும் சூட்டையும் தாங்கும். வெறுங்குடலில் முதலில் குடியேற நல்லவர்களை அனுப்பும் முறை இது. ஈஸ்டின் செல் சுவரிலிருந்து எடுக்கும் சர்க்கரைப் பொருள் ஒன்று, சில கெட்ட பாக்டீரியாக்கள் குடலைப் பற்றிக்கொள்ளாமல் தன்மேல் ஒட்டவைத்து வெளியேற்றுகிறது. பியூட்டிரிக் அமிலம் குடல் செல்களுக்கு உணவாகிப் புண் ஆற உதவுகிறது.

இவை அனைத்தும் தற்காப்புக்கு உதவுபவை. எச்சத்தில் இரத்தம் கண்ட பிறகு இவற்றில் எதையும் நம்பி ஒரு நாளைக்கூடக் கடத்தக்கூடாது. அன்று வேண்டியது கால்நடை மருத்துவர். அண்ணனுக்கு நாங்கள் சொல்லத் தவறிய வாக்கியம் இதுதான். பொடி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போய் இதைச் சொல்லிவிட்டு வந்தோம். சிலர் முகம் சுளித்தார்கள். இன்னும் ஒருவர், கம்பெனி எங்களை விலைக்கு வாங்கிவிட்டதாகச் சொல்லித் திரிகிறார்.

2024இல் பணத்தை வேறு இடத்தில் போட்டோம். கிழக்குப் பக்கம் கூரையை மூன்றடி நீட்டினோம். தார்ப்பாய்த் திரையைப் புதிதாக்கினோம். ஒழுகிய நிப்பிள்களை மாற்றி, கோழி வளர வளரக் குழாயின் உயரத்தைக் கூட்டினோம். கட்டியான நார்க்கழிவை அன்றன்றே அள்ளி வெளியேற்றினோம். மூலிகையை நிறுத்தவில்லை. இம்முறை இரு பாதிக்கும் கொடுத்தோம். அந்த ஐப்பசியில் கொட்டகை முழுவதிலும் இறந்தவை நூற்று நாற்பத்தாறு. அதில் மஞ்சளின் பங்கு எவ்வளவு, கூரையின் பங்கு எவ்வளவு என்று எவரும் கேட்டால் கூரையைத்தான் கைகாட்டுவோம். வளையல்கள் அடகுக் கடையிலிருந்து அடுத்த தையில் மீண்டன.

மூலிகையால் வேறொரு நன்மை விளைந்தது. அதைத் தூவுவதற்காக நாளுக்கு இருமுறை கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டுத் தட்டாக நடக்கிறோம். முன்பெல்லாம் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. இப்போது எந்தத் தட்டில் தீவனம் மிஞ்சுகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்தக் கோழி ஒதுங்கி நிற்கிறது என்பதெல்லாம் கண்ணில் படுகின்றன. தாய்க்கோழி செய்யும் வேலையில் ஒரு சிறு பகுதி அதுவாக இருக்கலாம்.

அம்மா இன்றும் அம்மியில்தான் அரைக்கிறார். ஆனால் அதற்கு முன் கொட்டகைக்குள் போய்க் கிழக்கு மூலையில் குனிந்து நார்க்கழிவை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறார். கையைத் திறந்ததும் அது உதிர்ந்தால் ஒன்றும் சொல்வதில்லை. உருண்டையாக நின்றால், "அரைக்கறது அப்பறம் ஆகட்டும், மொதல்ல இதை அள்ளிக் கொட்டுங்க கண்ணு," என்கிறார்.